செயப்பாட்டுவினையின் எதிரி

தலைவர் வாசித்துக்கொண்டிருப்பார். "தேவை எனக் கருதப்படும்போது பயனாளி நாட்டின் கருத்து கேட்கப்படும்." அடுத்த வரிக்கு அவர் போவதற்குள் மேசையின் இடப்பக்கம் மூன்றாவது நாற்காலியிலிருந்து ஒரு குரல் வரும். உரத்த குரல் இல்லை. பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கிறவனின் குரல்.

"யார் கருதுவது?"

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். "பொதுவாகச் சொல்வதுதான். கருதப்படும் என்றால், அப்படி ஒரு நிலை வரும்போது."

"சரி. அந்த நிலை வந்துவிட்டது என்று சொல்லப்போவது யார்?"

மேசையைச் சுற்றிப் பதினான்கு நாற்காலிகள். பதின்மூன்று பேர் தங்கள் முன்னால் இருக்கும் தண்ணீர் டம்ளரைப் பார்ப்பார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்து சுருக்கெழுத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பேன். எதைப் பார்த்தாலும் எண்ணுவது என் வியாதி. ஒரு காலைக் கூட்டத்தில் அந்த மூன்றாவது நாற்காலிக்காரர் பதினொரு முறை "யார்" கேட்டார். அதில் ஒன்றுக்குத்தான் பதில் கிடைத்தது. ஏ.சி.யை இவ்வளவு கூட்டி வைத்தது யார் என்ற கேள்விக்கு.

அவர் பெயரை எழுதமாட்டேன். நாட்டின் பெயரையும் எழுதமாட்டேன். எழுதினால் என் மகன், "எதுக்குப்பா இந்த வயசுல வம்பு" என்பான். எண்பத்திரண்டு வயதில் வம்புக்குப் போகாமல் பிறகு எப்போது போவது? ஆனாலும் எழுதமாட்டேன். அவருடைய பிள்ளைகள் அங்கேதான் இருப்பார்கள். எழுபதுகளில் சஹாராவுக்குத் தெற்கே மழை பொய்த்து, மாடுகள் செத்து, விலாவெலும்பு தெரியும் குழந்தைகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தன. அப்படிப் படம் வந்த நாடுகளில் ஒன்று. அவ்வளவு போதும்.

எங்கள் அலுவலகம் துபாயில் தேராவில், க்ரீக் என்கிற கடற்கழியைப் பார்த்த ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தது. எண்ணெய் விலை ஏறிய கையோடு பணம் குவிந்த சிலரும், ஐரோப்பாவில் சிலரும் சேர்ந்து ஆப்பிரிக்காவின் வளர்ச்சிக்கென்று ஒரு கூட்டு நிதியம் தொடங்கியிருந்தார்கள். நிதியம் ஆறு வருடம்கூட ஓடவில்லை. கட்டடத்தையும் பிறகு இடித்துவிட்டார்கள். அதே இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அதாவது உபயோகமான காரியம் நடக்கிறது.

நான் சென்னைக் கோட்டையில் சுருக்கெழுத்தராக இருந்தவன். நீண்ட லீவு போட்டுவிட்டு பம்பாயில் கப்பலேறி வந்தேன். கோட்டையில் நான் அதிகம் தட்டச்சு செய்த இரண்டு சொற்கள் "ஆவன செய்யப்படும்." ஒரு நாள் இதை அந்த மூன்றாவது நாற்காலிக்காரரிடம் சொன்னேன். எங்கள் மொழியில் செய்பவன் பெயரே வராமல் ஒரு வாக்கியம் உண்டு, குடிதண்ணீர் கேட்டு மனுப்போட்ட ஊருக்கு அதுதான் பதிலாகப் போகும் என்றேன். அவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். ஆவன. ஆவன.

"அதற்குப் பிறகு தண்ணீர் வருமா?"

"சில ஊர்களுக்கு வரும்."

"எந்த ஊர்களுக்கு?"

"யாராவது ஒருத்தர் நேரில் வந்து, அதிகாரி முன்னால் உட்கார்ந்து எழுந்திருக்காமல் இருந்த ஊர்களுக்கு."

"அதற்குத்தான் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன்" என்றார்.

நெட்டையான ஆள். சாம்பல் நிற சஃபாரி உடை. ஒன்றைத்தான் துவைத்துத் துவைத்துப் போடுகிறாரா, ஒரே மாதிரி இரண்டு இருக்கின்றனவா என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். இடது முழங்கையில் ஒரு தையல் இருந்தது. தினமும் பார்த்தேன். தினமும் இருந்தது.

அவர் நிலத்தடி நீர்ப் பொறியாளர். தன் நாட்டின் வறண்ட வட மாவட்டங்களுக்காக வந்திருந்தார். ஊருக்கு ஓர் ஆழ்துளைக் கிணறு, கிணற்றுக்கு ஓர் அடிபம்பு. அந்த ஊர்ப் பெண்களே கழற்றி, தோல் வாஷர் மாற்றி, திரும்பப் பூட்டிவிடக்கூடிய பம்பு. அவர் கேட்டது இதுதான். இதற்குமேல் ஒரு செங்கல்கூடக் கேட்கவில்லை.

ஓட்டல் சாப்பாடு அவருக்குப் பிடிக்கவில்லை. மதியத்தில் எங்களோடு மெஸ்ஸுக்கு வருவார். எங்களோடு என்றால் நானும் அலுவலக டிரைவர் செல்லையாவும். செல்லையா முதுகுளத்தூர்ப் பக்கம். முதல் நாள் முருங்கைக்காய் சாம்பார். அவர் ஒரு துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் ஊரிலும் இந்த மரம் இருக்கிறதாம். இலையை மட்டும் தின்பார்களாம். காயைத் தொடமாட்டார்களாம். நான் காட்டியபடி பல்லால் இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இது உணவில்லை என்று எங்களுக்குச் சொல்லிவைத்தது யார்?"

மொழிபெயர்த்துச் சொன்னேன். செல்லையா சோற்றைப் பிசைந்தபடியே, "சாம்பாரையும் வெசாரிக்க ஆரம்பிச்சிட்டாரா அண்ணே? இன்னைக்கு மெஸ்ஸுக்காரன் தொலைஞ்சான்" என்றான்.

அந்த வாரம் நிதியத்தில் ஒரு பெரிய சீர்திருத்தம் நடந்தது. "பயனாளி நாடு" என்ற சொல் கௌரவமாக இல்லை, "பார்ட்னர் நாடு" என்று மாற்ற வேண்டும் என்று லண்டனிலிருந்து வந்துபோகும் ஆலோசகர் சொல்லிவிட்டார். ஆவணத்தில் நாற்பத்தேழு இடங்களில் மாற்றி மறுபடி தட்டச்சு செய்தேன். சொல் மட்டும் மாறியது. வரிகள் அப்படியே இருந்தன. பார்ட்னர் நாட்டின் கருத்தும், தேவை எனக் கருதப்படும்போதுதான் கேட்கப்படும்.

மெஸ்ஸில் பொறியாளர் என்னிடம் கேட்டார். "உங்கள் மொழியில் பார்ட்னருக்கு என்ன சொல்?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லையா முந்திக்கொண்டான். "பங்காளி, சார்."

"கூட்டாளி" என்று நான் திருத்தினேன். படித்தவன் நான்.

"கூட்டாளியா? கூட்டாளின்னா சேந்து சினிமாவுக்குப் போறவன் அண்ணே. பங்கு இருந்தாத்தான் பங்காளி. சொத்துல பாகம் இருக்கணும்ல?"

"அவன் சொன்னதை விளக்கச் சொல்லுங்கள்" என்றார் அவர். செல்லையா விளக்கினான். நான் மொழிபெயர்த்தேன்.

"எங்க கெணத்துல எனக்கு நாலுல ஒரு பங்கு சார். மத்த மூணும் எங்க மூணு பெரியப்பன் வீட்டுலயும் ஒவ்வொரு மகனுக்கு. ஆளுக்கு ஒரு நாள் மொறை. என் மொறை வர்ற அன்னைக்கு மட்டும் மோட்டாரு ரிப்பேர் ஆயிரும். கேஸ் நடக்குது. நான் எதுக்கு இந்த மணல்ல ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கேன்? வக்கீலுக்கு அழுகத்தான்."

"அப்படியென்றால் பங்காளி என்பவன் எதிரி."

"அப்பிடியும் சொல்லிற முடியாது சார். எங்க வீட்டுல ஒரு சாவுன்னா அவனுங்கதான் மொதல்ல வந்து நிக்கணும். பங்காளியையும் பனங்காயையும் பதம் பாத்து வெட்டணும்னு சும்மாவா சொன்னாங்க."

பனங்காயை மொழிபெயர்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் அதற்குச் சிரிக்கவில்லை. வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூன்று பேரும் சேர்ந்து உன்னைக் கேட்காமல் அந்தக் கிணற்றை விற்க முடியுமா?"

"எப்பிடி சார் விப்பானுங்க? என் கையெழுத்து இல்லாம பத்திர ஆபீசுல உள்ளயே விட மாட்டாங்க."

"நீ இங்கே துபாயில் இருந்தாலுமா?"

"நான் சந்திரன்ல இருந்தாலும்."

"அந்தக் கால் பங்கு, அவர்கள் உன்மேல் இரக்கப்பட்டுக் கொடுத்ததா?"

செல்லையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இரக்கமா? எங்க தாத்தன் வெட்டுன கெணறு சார் அது."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து என்னிடம் சொன்னார். "நீங்கள் நாற்பத்தேழு இடங்களில் அடித்தீர்களே, அது இந்தச் சொல் இல்லை."

மறுநாள் முதல் அவர் லண்டன் ஆலோசகரை "பங்காளி" என்றே அழைக்கத் தொடங்கினார். "இந்த வரியில் எனக்கு ஐயம், பங்காளி." "பங்காளி, இதைச் செய்யப்போவது யார்?" ஆலோசகர் அதை ஏதோ ஆப்பிரிக்க மொழியின் மரியாதைச் சொல் என்று எடுத்துக்கொண்டார். வயதானவர், கனிந்த முகம், எதைக் கேட்டாலும் தலையை ஒருபக்கம் சாய்த்துப் புன்னகைப்பார். ஒருநாள் என்னிடம் வந்து, "எவ்வளவு இதமான சொல், கவனித்தீர்களா? அவர்கள் மொழியில் சகோதரன் என்று பொருளாம்" என்றார். அப்படிச் சொன்னது யார் என்று கேட்க என் நாக்கின் நுனிவரை வந்தது.

திட்டத்தின் மூன்றாம் வரைவு வந்தது. அதில் அடிபம்புகள் இல்லை. எட்டு ஊர்களுக்கு ஒன்று வீதம் பெரிய டீசல் எஞ்சின்கள் இருந்தன. எஞ்சின் ஐரோப்பாவிலிருந்து வரும். அதைப் பார்த்துக்கொள்ளும் நிபுணரும் அங்கிருந்தே வருவார். டீசல் பொறியாளரின் நாட்டுத் தலைநகரத்திலிருந்து லாரியில் போகும். காரணமாக ஒரே ஒரு வரி: "தொழில்நுட்பக் காரணங்களை முன்னிட்டுப் பம்பு வகை மாற்றப்பட்டது."

"யார் மாற்றியது?"

தலைவர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் தலைவரைப் பார்த்தார்.

"ஆய்வின் முடிவில் அப்படி ஒரு கருத்து எட்டப்பட்டது" என்றார் தலைவர்.

"எட்டியவர் யார்?"

"இது தனிப்பட்ட எவருடைய முடிவும் இல்லை, பங்காளி" என்றார் ஆலோசகர், கனிவாக. அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்டதும் என் பென்சில் முனை உடைந்தது.

அன்றைக்குத்தான் பொறியாளர் கொஞ்சம் நீளமாகப் பேசினார். "எட்டு ஊருக்கு ஒரு எஞ்சின் என்றால் ஏழு ஊர்ப் பெண்கள் நடக்க வேண்டும். எஞ்சின் நின்றால் எட்டு ஊரும் பழைய குட்டைக்குப் போகும். குட்டைத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று நீங்களே அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பிள்ளைகள் அதனால்தான் சாகிறார்கள். யாரும் மாற்றவில்லை என்றால் மிகவும் நல்லது, மாற்றாமலே இருங்கள். ஒரு வரி மட்டும் சேருங்கள். அந்த ஊர்களின் கையெழுத்து இல்லாமல் எதையும் மாற்ற முடியாது."

"ஊர்களின் கையெழுத்தா?" என்றார் தலைவர்.

"கைநாட்டு என்றாலும் சரி."

யாரோ சிரித்தார்கள். யார் என்று நான் பார்த்துவைத்தேன். முடிவு சொல்லப் பொறியாளரின் நாட்டு அமைச்சரே வரட்டும் என்று கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பாருங்கள், எனக்கே இந்த வினை இப்படித்தான் வருகிறது. ஒத்திவைத்தவர் தலைவர்.

அமைச்சர் வந்தார். இரண்டு நாள் செல்லையாவுக்குத் தங்கச் சந்தையில்தான் டியூட்டி. "நம்ம ஊரு மந்திரி மாதிரியேதான் அண்ணே இருக்காரு. தோள்ல துண்டு மட்டுந்தான் கொறை" என்றான். மூன்றாம் நாள் கூட்டம். அமைச்சருக்கு நடுநாற்காலி. டீசல் எஞ்சின்கள் தங்கள் நாட்டை நவீன யுகத்துக்கு இட்டுச்செல்லும் என்று பேசினார். மேசை தட்டினார்கள். தட்டி முடிந்ததும் மூன்றாவது நாற்காலி பேசியது.

"வடக்கே டீசல் கொண்டுபோகும் ஒப்பந்தம் யாருக்கு, அமைச்சரே?"

"அது உரிய முறையில் வழங்கப்படும்."

"வழங்குவது நீங்கள். வாங்குவது யார்?"

தலைநகரத்தில் லாரி வைத்திருப்பவர் அமைச்சரின் மைத்துனர் ஒருவர்தான் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கே அவர்தான் புத்தாண்டுக்குக் காலண்டர் அனுப்புவார். கேள்வி கேட்டவருக்கு அது தெரியாதா? தெரியும். அந்நியர்களிடம் கேட்டதைத் தன்னவரிடமும் கேட்டார். அவ்வளவுதான். அதுதான் பொறுக்க முடியாமல் போனது. வெள்ளைக்காரனைக் கேட்டால் அவர் தேசபக்தர். அமைச்சரைக் கேட்டதும் பைத்தியக்காரர் ஆகிவிட்டார்.

தேநீர் இடைவேளை விட்டார்கள். தலைவர், ஆலோசகர், அமைச்சர் மூவரும் உள்ளறைக்குப் போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். பிஸ்கட் தட்டு காலியாகும்வரை கதவு திறக்கவில்லை. நான் அந்த அலுவலகத்தில் இருந்த காலம் முழுவதும், பணம் கொடுக்கிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒரு விஷயத்திலாவது முதல் பேச்சிலேயே ஒத்துப்போனதை நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். அந்த மனிதர் அங்கே இருக்கக் கூடாது என்பதில் இரண்டு பார்ட்னர்களும் மனமொத்து வெளியே வந்தார்கள்.

தலைவர் நின்றுகொண்டே வாசித்தார். "சீரான நிர்வாகத்தை முன்னிட்டு, பொறியாளர் அவர்கள் வேறு பொறுப்புக்கு மாற்றப்படுகிறார்கள்."

நான் பென்சிலோடு காத்திருந்தேன். எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் கேட்கவில்லை. மூன்று பேரையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார். கேட்க என்ன இருக்கிறது? முதல்முறையாக, யார் என்பது கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது. காகிதங்களை அடுக்கினார், நாற்காலியை மேசைக்குள் தள்ளிவைத்தார், வெளியே போனார். ஒப்பந்தம் பிற்பகலில் கையெழுத்தானது. அமைச்சர் ஆலோசகரைத் தழுவிக்கொண்டார். புகைப்படக்காரருக்காக இன்னொரு முறையும் தழுவிக்கொண்டார்.

விமான நிலையத்துக்குச் செல்லையா வண்டி ஓட்டினான். நானும் போனேன். எனக்கு அவர்மேல் கோபம். உண்மையைச் சொன்னால் மற்ற மூன்று பேர்மேல் இருந்ததைவிட அவர்மேல்தான் அன்று அதிகக் கோபம். "கிணறு வரும்வரைக்குமாவது நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்" என்றேன்.

"மூடிக்கொண்டு இருந்திருந்தால் வருவது கிணறாக இருக்காது" என்றார்.

"இப்போது மட்டும் என்ன வரப்போகிறது?"

அவர் செல்லையாவின் முதுகைத் தட்டி, "உன் வழக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார்.

"வாய்தா சார்."

"வாய்தா கேட்டது யார்?"

செல்லையா கண்ணாடியில் பின்னால் பார்த்தான். "எங்க வக்கீலுதான் சார்" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது. அடுத்த லீவில் ஊருக்குப் போனவன் முதல் வேலையாக வக்கீலை மாற்றினான்.

எஞ்சின்கள் போய்ச் சேர்ந்தன. ஒரு கோடை ஓடின. பிறகு சிலவற்றுக்கு உதிரிப்பாகம் வரவில்லை, மற்றவற்றுக்கு டீசல் வரவில்லை. ஜெபல் அலியில் துறைமுகத்துக்காகக் கடலைத் தோண்டிக்கொண்டிருந்த சமயத்தில் ஆலோசகரின் இறுதி அறிக்கை எங்களுக்கு வந்தது. "எதிர்பார்க்கப்பட்ட பலன் எட்டப்படவில்லை. பார்ட்னர் நாட்டின் நிர்வாகத் திறன் போதாமை உணரப்பட்டது." முதல் பக்கத்தில் மட்டும் பத்தொன்பது வாக்கியங்கள். செய்தவன் பெயரோடு ஒன்றுகூட இல்லை. அறிக்கையின் முகப்பில், தனியாக ஒரு கட்டம் கட்டி, சாய்வெழுத்தில் இப்படிப் போட்டிருந்தார்: "பங்காளி: வடபகுதி மக்களின் மொழியில் சகோதரத்துவம்."

செல்லையாவிடம் போய்ச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பான் என்று நினைத்தேன். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் துணியைப் பிழிந்தான்.

"அந்த ஊருக்காரங்க இப்ப தண்ணிக்கு என்ன செய்றாங்க அண்ணே?"

"பழைய குட்டைதான்."

"எங்க கேஸாவது கோர்ட்டுல கெடக்கு. அவங்க எந்தக் கோர்ட்டுக்குப் போவாங்க?"

அதற்கு அடுத்த வாரம் திட்டத்தை முடித்துவைக்கும் கூட்டம். பதினான்கு நாற்காலிகள். மூன்றாவது நாற்காலியில் பொறியாளரின் நாட்டிலிருந்து புதிதாக வந்த ஓர் இளம் அதிகாரி உட்கார்ந்திருந்தார். புது கோட்டு, புது டை. எல்லாரையும் பார்த்துத் தலையசைத்தார். ஆலோசகர் புன்னகைத்தார். தலைவர் வாசித்தார்.

"இரு தரப்பின் சம்மதத்துடன் இத்திட்டம் முடித்துக்கொள்ளப்படுகிறது."

வாசித்துவிட்டு நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பழக்கம்தான், வேறென்ன. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது நாற்காலியைப் பார்த்தார். ஆலோசகரும் பார்த்தார். மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏ.சி. ஓடும் சத்தம் கேட்டது. நான் பென்சிலைக் காகிதத்தில் ஊன்றிக் காத்திருந்தேன்.

புதிய அதிகாரி எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு திகைத்தார். குனிந்து, தன் டையில் ஏதாவது கறை பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"அடுத்தது" என்றார் தலைவர்.